சந்தேகம் உடம்பிலிருந்தும் வரும்

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அப்போது 71 வயது. கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், வீட்டு சம்ப் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாடியில் குடியிருப்பவர்கள் அதில் ஏதோ கலக்கிறார்களாம். சரி என்று கேன் தண்ணீர் வாங்கி வைத்தோம். இரண்டே நாளில் கேன் போடும் பையனையும் அவர்களோடு சேர்த்துவிட்டார். "ராத்திரில சம்ப் மூடியத் தொறக்குற சத்தம் கேக்குதுடா. உங்க அண்ணிக்கும் எல்லாம் தெரியும். வாயத் தொறக்க மாட்டா" என்று என் காதோடு சொன்னார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த மாடி வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடச் சும்மாவே டியூஷன் எடுத்தவர்.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ எதையோ வைத்துவிட்டார்கள், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றார் ஒரு சித்தி. வயசானாலே இப்படித்தான் என்றார் இன்னொருவர். "கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போகணுமோ" என்று சமையலறையில் யாரோ தணிந்த குரலில் கேட்டார்கள். அண்ணன் நடுராத்திரியில் போனில் தேடியிருக்கிறான். எதைத் தட்டினாலும் மனச்சிதைவு நோய் என்றே வந்ததாம். அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தான். பக்கத்துக் கிளினிக் ஒன்றில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஐந்து நாள் வரை யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

ஆறாவது நாள் எழுப்பினால் கண் திறக்காத அளவுக்கு மந்தமாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சோடியம் 117 இருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உப்புச் சத்து அவ்வளவு இறங்கினால் மூளைச் செல்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கிவிடும். அவர் சாப்பிட்ட பி.பி. மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்து ஒன்றும் கலந்திருந்தது. அதோடு நான்கு நாள் வாந்தி, பி.பி.க்காகச் சாப்பாட்டில் உப்பைச் சுத்தமாக நிறுத்தியது, வெயிலுக்காகச் சொம்பு சொம்பாகக் குடித்த வெறும் தண்ணீர். சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கு வேறு விதமான சேதம் வரும் என்பதால் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எண் ஏற ஏறச் சந்தேகம் கரைந்தது. "மாடி வீட்டுப் பொண்ணு ஏன் என்னைப் பாக்க வரல?" என்று ஒரு நாள் காலையில் அவரே கேட்டார்.

அன்றிலிருந்து இதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சந்தேகம் காய்ச்சல் மாதிரி. காய்ச்சலைப் பார்த்ததும் டைபாய்டு என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. கொசுக்கடியா, தொண்டைப் புண்ணா, நிமோனியாவா என்று தேடுகிறோம். 'என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்று ஒருவர் திடீரென்று சொல்லத் தொடங்கினாலும் அதே மாதிரி தேட வேண்டும்.

முதலில், எது சந்தேகம், எது நோய்? மின்சார ரயிலில் கூட்டம் ஏறியதும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது எச்சரிக்கை. நாம் உள்ளே நுழைந்ததும் ஆபீசில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால், 'நம்மளப் பத்திதான் பேசுறாங்களோ' என்று ஒரு நிமிடம் மனம் சுருங்குவது மனித இயல்பு. அது வந்து போய்விடும். மூன்றாவது வகை போவதில்லை. எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாது. எதிரான ஆதாரத்தையே தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளும். சம்ப்பைக் கழுவிக் காட்டினால் 'கழுவுற மாதிரி நடிச்சுக் கலந்துட்டீங்க' என்று வரும். இந்த அசையாத நம்பிக்கையை மருத்துவர்கள் மருட்சி என்கிறார்கள். பாரனாயா என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டாவது வகையின் முற்றிய நிலையும் இந்த மூன்றாவது வகையும் அதில் அடங்கும்.

மூளை நாள் முழுக்க ஒரு வாட்ச்மேன் வேலை செய்கிறது. ஆயிரம் சத்தம், ஆயிரம் முகம். அதில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரிக்கிறது. 'இதைக் கவனி' என்று முத்திரை குத்துவதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உப்பு குறைந்தாலும், கிருமி தொற்றினாலும், போதைப் பொருள் உள்ளே போனாலும், நாலு ராத்திரி தூக்கம் கெட்டாலும் அந்த முத்திரை தப்பான இடத்தில் விழத் தொடங்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மருமகளின் ஒரு பெருமூச்சு எல்லாமே அர்த்தம் பொதிந்ததாகத் தெரியும். அர்த்தம் தெரிந்தால் மனம் கதை கட்டாமல் இருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைப் பெரியவர்கள் அனுபவத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதையில் வில்லனாக வருகிறவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர்தான். சோறு போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர், குளிக்க வைக்கிறவர். கண்ணுக்குத் தெரிகிற ஆள் அவர்தான் என்பதால் பழியும் அவர் மேலேயே விழுகிறது. எங்கள் அண்ணி அந்த ஐந்து நாளும் சாப்பிடவில்லை. இந்த ஒரு விஷயத்தை முன்பே யாராவது அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

மனச்சிதைவு நோய் என்ற முடிவுக்கு அண்ணன் அவ்வளவு சீக்கிரம் போயிருக்கவே வேண்டாம். அந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளுக்குள் தலைகாட்டும். பலருக்கு மெதுவாக, மாதக்கணக்கில் வரும். ஆள் ஒதுங்கத் தொடங்குவார், பேச்சு கோர்வை இழக்கும், இல்லாத குரல்கள் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாடு 6 மாதம் கேட்கிறது. உடல் நோயோ மருந்தோ காரணமில்லை என்று உறுதி செய்தபிறகுதான் அந்தப் பெயரையே வைக்கலாம். 71 வயதில், ஐந்து நாளில் முளைத்த சந்தேகம் இதில் எதற்கும் பொருந்தவில்லை.

பெரியம்மாவுக்கு வந்ததற்கு ஆங்கில மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். நம் பாட்டிமார்கள் 'ஜன்னி கண்டிருக்கு' என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். பெரிய காய்ச்சலில் பிதற்றுவதை மட்டும் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். காய்ச்சலே இல்லாமலும் இது வரும். முதியவர்களுக்குத் திடீரென்று வரும் சந்தேகத்தில் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் உள்ளே இருக்கும் காரணம் உயிரையே எடுக்கக்கூடியது, பெரும்பாலும் சரிசெய்யவும் கூடியது.

இதை அடையாளம் காண மூன்று விஷயம் போதும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வந்திருக்கும். ஏறி இறங்கும்: காலையில் தெளிவாகப் பேசுவார், விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி தொடங்கிவிடுவார். கவனம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். எப்போதும் தெளிவாக இருந்தவர் 'ஞாயிறு, சனி...' என்று தொடங்கிப் பாதியில் வேறு எங்கோ போய்விட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கணக்கு டீச்சரான பெரியம்மா வெள்ளியைத் தாண்டவில்லை. நாங்கள் அதை வயசின் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

காரணங்கள் சாதாரணமாகவே இருக்கும். சிறுநீர்த் தொற்று ஒன்று. வயதானவர்களுக்குச் சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலேயே அது முற்றி, முதல் அறிகுறியாகக் குழப்பம் தெரியலாம். நிமோனியா, உடம்பில் நீர் வற்றுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, பல நாள் மலச்சிக்கல், இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை என எதுவும் போதும். ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் அப்பா 'நர்ஸ் ஊசியில விஷம் போடுறா' என்று கத்தினால் அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பகலா ராத்திரியா தெரியாத விளக்கு வெளிச்சம், கண்ணாடி இல்லை, காது மெஷின் இல்லை, தெரிந்த முகம் இல்லை. கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்டிவிடுவதும், இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் உண்மையான மருத்துவ உதவிதான்.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டவர், விடியற்காலையில் வியர்த்துக்கொட்ட, கை நடுங்க, 'கிட்ட வராத' என்று அடிக்க வந்தால், வாக்குவாதம் வேண்டாம், குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூளை பட்டினியை நெருங்குகிறது. விழுங்கும் தெளிவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். ஊமத்தங்காயைத் தின்றால் புத்தி பேதலிக்கும் என்று கிராமத்தில் குழந்தைக்கும் தெரியும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபலமின் போன்றவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. நினைவுக்கும் கவனத்துக்கும் அது தேவை. அதே வேலையைத் தடுக்கும் மருந்துகள் நம் மருந்து டப்பாவிலும் இருக்கின்றன. தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இளம் வயதில் ஒன்றும் செய்யாத அளவு, 75 வயதில் ஒருவரைக் குழப்பத்தில் தள்ளலாம். இப்படி இரண்டு மூன்று மாத்திரைகள் வெவ்வேறு டாக்டர்களிடமிருந்து வந்து சேரும்போது ஆபத்து கூடுகிறது, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமலே.

ஸ்டீராய்டு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய், சிறுநீரக நோய் எல்லாவற்றுக்கும் பிரட்னிசோலோன் வகை மருந்துகளைத் தருகிறார்கள். அவை உயிர் காக்கும் மருந்துகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு கூடக் கூட மனம் பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது. 1972-இல் பாஸ்டன் நகரை மையமாகக் கொண்டு வெளியான ஓர் ஆய்வில், பிரட்னிசோன் ஒரு நாளைக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும், 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம் பேருக்கும் மனநல அறிகுறிகள் வந்தன. தூக்கமின்மை, அளவில்லாத உற்சாகம், எரிச்சல், பிறகு சந்தேகம் என்று போகலாம். இப்படி நடந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமே தவிர, பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காசநோய் மருந்துகளும் இந்தப் பட்டியலில் உண்டு. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது நம் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம்தான். அந்தச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் அரிதாகச் சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் அதைவிட அதிகமாக. பார்க்கின்சன் நோய்க்கு டோபமைனைக் கூட்டும் மருந்துகள், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள், இவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. வலிப்பே நேரடியாகவும் செய்யும்: தொடர்ச்சியாக வலிப்பு வந்து, ஓரிரு நாள் தெளிவாக இருந்து, அதன் பிறகு சந்தேகமும் பிரமையும் தலைகாட்டுவது நரம்பியல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று.

தைராய்டும் பி12 வைட்டமினும் சத்தமில்லாமல் வேலை செய்பவை. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949-இல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மனநோய் என்று கருதப்பட்ட அவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. பி12 குறைந்தால் ரத்தசோகை தெரிவதற்கு முன்பே மனம் பாதிக்கப்படலாம். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுப் பாலும் குறைத்துக்கொண்டவர்கள், பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், அல்சருக்கென்று தொடங்கிய மாத்திரையை நிறுத்தாதவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. இரண்டுமே சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

இனி மறதி நோய். அல்சைமர் என்ற பெயரைத் தந்த மருத்துவர் 1901-இல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்டில் பார்த்த முதல் நோயாளி 51 வயதுப் பெண். அவரிடம் எல்லோருடைய கண்ணிலும் முதலில் பட்ட அறிகுறி, கணவர் மேல் வந்த சந்தேகம் என்று அல்சைமரே பதிவு செய்திருக்கிறார். மறதி நோய் மறதியில் மட்டுமே தொடங்கும் என்று நினைப்பது தவறு.

நம் வீடுகளில் இது வளையலில் தொடங்கும். அம்மா வளையலைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசி டிரம்முக்குள் வைப்பார். வைத்த நினைவு அழிந்துவிடும். வளையல் இல்லை என்பது மட்டும் நிஜம். மூளை அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், அதனால் 'மருமக எடுத்துட்டா' என்று வருகிறது. இது பொய்யோ குணக்கேடோ இல்லை. 'நீங்களேதான் வச்சிருப்பீங்க' என்று சண்டை போட்டால் அவருக்கு அவமானமும் பயமும்தான் மிஞ்சும். 'வாங்கம்மா, ரெண்டு பேருமா தேடலாம்' என்று கூடத் தேடுவது பல நாள் வேலை செய்யும். அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் நான்கு இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

மறதி நோயில் லூயி பாடி என்று ஒரு வகை இருக்கிறது. அறையில் குழந்தைகள் நிற்பதாகவும், விலங்குகள் ஓடுவதாகவும் தெளிவாகத் தெரியும். நடையும் பார்க்கின்சன் மாதிரி இறுகும். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடுமையான பாதிப்பைத் தரலாம். அதனால், இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்றால், எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

காது கேளாமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில் பிலிப் ஜிம்பார்டோவும் அவர் குழுவினரும் 1981-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, காது சரியாகக் கேட்காதபடி செய்தார்கள். காரணம் நினைவில் இல்லாதபடியும் செய்தார்கள். பக்கத்தில் இருவர் பேசிச் சிரித்தபோது அந்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கே எரிச்சலும் சந்தேகமும் கூடின. நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா தினமும் இந்தச் சோதனையில்தான் உட்கார்ந்திருக்கிறார். டி.வி. சத்தத்துக்கு நடுவே மகனும் மருமகளும் உதடசைத்துப் பேசுகிறார்கள், அவர் பெயர் மட்டும் காதில் விழுகிறது. காதைப் பரிசோதித்து மெஷின் வாங்கிக் கொடுத்ததும், சொத்து எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு குறைந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

குடிக்கு வருவோம். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் நடுக்கம், வியர்வை, பூச்சி ஊர்வது போன்ற பிரமை, 'ஆளுங்க வெட்ட வர்றாங்க' என்ற அலறல் வரலாம். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு மூன்றாம் நாள் இப்படி ஆனால், அவர் குடிப்பவர் என்பதைக் குடும்பம் மறைக்காமல் சொல்லியிருந்தால் மட்டுமே டாக்டரால் முன்கூட்டியே தடுக்க முடியும். வெட்கப்பட்டு மறைப்பதால் உயிர் போயிருக்கிறது. குடிப்பவருக்கு மனைவியின் நடத்தை மேல் வரும் அசையாத சந்தேகம் இன்னொன்று. செல்போனைப் பறித்துப் பார்ப்பது, வேலைக்குப் பின்னாலேயே போவது என்று வளரும். இதை 'அவனுக்குப் பாசம் அதிகம்' என்று பொறுத்துப் போகச் சொல்வது கொடுமை. வன்முறையில் முடியக்கூடிய சந்தேகம் இது. அந்தப் பெண்ணின் பாதுகாப்பை முதலில் பார்க்க வேண்டும், சிகிச்சை அதற்கு அடுத்தது.

கஞ்சா, குறிப்பாக வீரியம் கூடிய ரகங்கள், சில பிள்ளைகளுக்குப் புகைத்த அன்றே 'எல்லாரும் என்னையே பாக்குறாங்க' என்ற பயத்தைத் தரும். மெத்தாம்பெட்டமைன் இன்னும் மோசம். அந்த வகைப் போதை மட்டுமே மனச்சிதைவைப் போன்ற நிலையை உண்டாக்கும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் பிலிப் கானல் 1958-லேயே விரிவாகக் காட்டிவிட்டார். பெரும்பாலானவர்களுக்குப் போதை நின்றதும் தெளியும். சிலருக்கு உள்ளே உறங்கும் நோயை அது எழுப்பியும் விடும்.

குழந்தை பெற்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தாய்க்குத் தூக்கமே போய்விடும். குழந்தையை மாற்றிவிட்டார்கள், மாமியார் பாலில் ஏதோ கலந்துவிட்டார், குழந்தைக்கு ஆபத்து என்று பேசத் தொடங்குவார். 'பச்ச உடம்புக்காரி, காத்து பட்டிருக்கும்' என்று வேப்பிலை அடித்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டுமானால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் நிலை இது.

இளம் வயதில், அதுவும் பெண்களுக்கு, சில நாளிலேயே சந்தேகமும் பிதற்றலும் தொடங்கி, கூடவே வலிப்போ வாய் கோணுவதோ காய்ச்சலோ இருந்தால் மூளை அழற்சியை நினைக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளைச் செல்களில் செய்தியை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் வகையை ஹோசெப் தால்மாவின் குழு 2007-இல் விவரித்தது. சிலருக்கு அதன் வேர் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டியில் இருந்தது. அந்தக் கட்டியை எடுத்துச் சிகிச்சை தந்தால் மனம் மீண்டது. அதற்கு முன் எத்தனை பெண்களுக்குப் பேய் ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

தூக்கம் தனியாகவே ஒரு காரணம். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிரிட்டனில் தூக்கமின்மையால் தவித்த 3,755 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்தது. தூக்கத்தைச் சரிசெய்யும் பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டதோடு சந்தேக எண்ணங்களும் குறைந்தன. ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளை, 'டீம்ல எல்லாரும் எனக்கு எதிரா இருக்காங்க' என்று சொன்னால் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று முதலில் கேளுங்கள்.

மனநோய்களிலும் மனச்சிதைவு மட்டும் காரணமில்லை. தீவிர மனச்சோர்வில் 'நான் பாவம் செய்தவன், போலீஸ் வரப்போகிறது' என்று வரும். இருதுருவ நோயின் எழுச்சியில் 'என் அருமை தெரிந்து பொறாமையில் சூழ்ச்சி செய்கிறார்கள்' என்று வரும். பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்கள் எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருவார்கள். வேலை, சாப்பாடு, பேச்சு எல்லாம் சரியாக இருந்து, ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பல வருஷம் கல்லாக நிற்கும் மருட்சி நோயும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சில நேரம் சந்தேகம் உண்மையாகவே இருக்கும். கடன் ஆப்காரர்கள் போனில் மிரட்டுவது நிஜம். ஒருதலைக் காதலன் பின்தொடர்வது நிஜம். பெற்ற பிள்ளையே கையெழுத்து வாங்கி வீட்டை மாற்றிக்கொள்வதும் இந்த ஊரில் நடக்கிறது. வயதானவர் 'என் பணத்த எடுக்குறாங்க' என்றால், நோய் என்று முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

எங்கே போவது? புதிதாக வந்த சந்தேகம் என்றால் முதலில் பொது மருத்துவர். ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பி12, சிறுநீர்ப் பரிசோதனை. தேவைப்பட்டால் தலை ஸ்கேன். சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் பொது மருத்துவம், நரம்பியல், மனநலம் எல்லாப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப்போட்டு எடுத்துச் செல்லுங்கள். லேகியம், சூரணம், தெரிந்தவர் கொடுத்த வலிப் பொடி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்து எதையும் விடாமல். எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் அரசின் 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரை இந்த ஊர் வசைச்சொல்லாக்கி வைத்திருப்பது எனக்குத் தீராத வருத்தம். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் வழி வந்த இடம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் தலைமை தாங்கிய இடம். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு உள்ளவர்களும் வேலைக்குப் போய்க் குடும்பமாக வாழ முடியும் என்று காட்டியவரும் அவர்தான். தேடிப் பார்த்து, கடைசியில் மனச்சிதைவுதான் என்று தெரிந்தாலும் அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை எப்படிப் பேசுவது என்று கேட்பார்கள். மறுத்தும் பேச வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'அப்படி நினைச்சா பயமாத்தான் இருக்கும் பெரியம்மா. நான் இங்கயே இருக்கேன். சோர்வா தெரியுறீங்க, ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்' என்பது போதும். சந்தேகத்தை விட்டுவிட்டு, தூக்கமின்மையையோ வாந்தியையோ காரணம் காட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள்.

தெளிந்த பிறகும் பலருக்கு எல்லாம் நினைவிருக்கும். பெரியம்மாவுக்கும் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அண்ணியின் முகத்தைப் பார்க்கவே கூசினார். "நானா அப்படிப் பேசினேன்?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்து, 117 என்ற எண்ணைக் காட்டினேன். கணக்கு டீச்சருக்கு எண்ணில் நம்பிக்கை உண்டு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார்.

பி.பி. மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். சிறுநீரைப் பிரிக்கும் மருந்து சேர்ந்த பல மாத்திரைகளின் பெயருக்குக் கடைசியில் 'எச்' என்றோ 'சி.டி.' என்றோ இருக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினார். லட்சக்கணக்கானவர்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகிற மருந்து அது, நாமாக நிறுத்தக் கூடாது. பெரியம்மாவுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. இப்போதும் மாதாமாதம் மருந்துக் கடையில் அட்டையை வாங்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் பார்ப்பார். "இதுல எச் இல்லயேப்பா?" என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் பையில் வைப்பார்.